உப்பு போடாத பிஸ்கட்

ஒரு நாயை மனமார வாலாட்டவைக்க அண்ணன் சுட்டு விற்ற பிஸ்கட், டப்பா ஒன்றுக்கு நல்ல சட்டைத்துணி ஒன்றின் விலை. துணிக்கடை நடத்தும் தங்கைக்கு அந்த விலையைக் கேட்டாலே வயிறு எரியும். இப்போது அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மாமா பிஸ்கட்டை ஒவ்வொன்றாக டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கூடத்தின் நடுவே, வெள்ளைத் துணிக்கு அடியில் அண்ணன் கிடந்தான்.

"உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல," என்றார் மாமா பக்கத்தில் இருந்தவரிடம். "துக்க வீட்டுக்குன்னே பாத்துச் செஞ்சிருக்காங்க. நீங்களும் எடுத்துக்குங்க."

அவர் எடுத்துக்கொண்டார்.

"மாமா, அது நாய்க்கு" என்று சொல்லத் தங்கை வாயெடுத்தபோது, தையல்கார அம்மாள் உள்ளே வந்தாள். இடுப்பில், குழந்தையைப் போல, வயிற்றில் கட்டுப்போட்ட ஒரு கிழநாய். அண்ணன் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆபரேஷனுக்கப்புறம் எதை வெச்சாலும் மூஞ்சியத் திருப்பிக்குது. இன்னிக்கும் தின்னலன்னா தாங்காதுன்னுட்டார் டாக்டர். அண்ணன் ஒரு டப்பா எடுத்து வெக்கிறேன்னார்…"

மாமாவின் தாடை அப்படியே நின்றது. டப்பாவில் தூள்தான் மிச்சம்.

சரக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத நாக்கு தங்கைக்கு. "உக்காருங்க," என்றாள். "சூடாவே தரேன்."

ஃபிரிட்ஜில் அவன் நேற்றுப் பிசைந்த மாவு, ஈரத்துணிக்குள் இருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, ஓட்ஸ். மருந்தடித்த காயா என்று காய்கறிக்காரனைப் போலீஸ் மாதிரி குடைந்தெடுத்த பிறகுதான் வாங்குவான். துணியை விலக்கினாள். மாவின் மேல் அவனுடைய நான்கு விரல்களும் பதிந்திருந்தன. பூரிக்கட்டையை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு தேய்த்தாள்.

ஓவன் திருகில் எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தான். எப்போதோ காணாமல் போன அவளுடைய நகப்பூச்சு.

"திருட்டுப்பயலே," என்றாள் சத்தமாக. அன்று அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கணவர் எட்டிப் பார்த்தார். "இங்க என்னடி பண்ற? உங்கண்ணன் அங்க கிடக்கார். ஊரே வாயில போட்டு மெல்லப்போகுது."

"மெல்லட்டும். ஏற்கெனவே ஒரு டப்பாவ மென்னு முடிச்சாச்சு. அவன் வாக்குக் குடுத்திருக்கான்."

காதோரம் வைத்து ஒடித்தால் பிஸ்கட் பேச வேண்டும் என்பான் அண்ணன். ஊமையாக ஒடிந்தால் உள்ளே ஈரம். தையல் போட்ட வயிறு அந்த ஈரத்தைத் தாங்காது. ஒன்றை எடுத்து ஒடித்தாள். ஊமை.

அண்ணனைக் கொண்டுபோக அமரர் வண்டி வந்துவிட்டது. மாவு ஒட்டிய கைகளோடு வாசலுக்கு ஓடினாள்.

"ஒரு மணி நேரம் நில்லுங்க."

"அடுத்த வீட்டுல காத்திருக்காங்கம்மா. பத்து நிமிஷம்."

"முக்கால்."

"கால்."

"அரை. உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம்."

ஓட்டுநர் அவள் முழங்கை வரை இருந்த மாவைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

இன்னொன்று ஒடித்தாள். ஊமை. அரை மணி தீரும் நேரத்தில் அடுத்தது.

டக்.

கூடத்தில் கிழநாயின் ஒரு காது எழுந்தது. தங்கை அதன் முன்னால் முட்டிபோட்டு, பாதித் துண்டை உள்ளங்கையில் நீட்டினாள். அது முகர்ந்தது. அண்ணன் கிடந்த பக்கம் ஒருமுறை தலையைத் திருப்பியது. பிறகு மெல்ல, மிக மெல்ல மென்றது. அடுத்த பாதிக்கு அவள் விரல்களை மூக்கால் தள்ளியது. தையல்கார அம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் சொன்னபடி அவளுக்கு ஒரு டப்பாவைத் தங்கை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள்.

"அம்மா," என்று வாசலிலிருந்து ஓட்டுநர் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

அடுக்களை ஜன்னல் வழியே வாசனை தெருவுக்குப் போயிருந்தது. கேட்டிலிருந்து வண்டிக் கதவு வரை தெருநாய்கள். நொண்டி, சொறி பிடித்தது, குட்டிபோட்டு மடி தொங்குவது. எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்தால்தான் அண்ணன் கொடுப்பான். ஒன்றுகூடக் குரைக்கவில்லை, ஒன்றையொன்று இடிக்கவில்லை. தள்ளுபடி விற்பனையன்று தன் கடை வாசலில் மனிதர்களை இப்படி நிறுத்த அவள் தொண்டை கிழியக் கத்தியும் நடந்ததில்லை. அண்ணனைத் தூக்கி வந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"இவங்களுக்கெல்லாம் யாரும்மா சொல்லிவிட்டது?" என்றார் மாமா, கிசுகிசுப்பாக.

அவள் மீதித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆளுக்கு ஒன்று. வாங்கியது எழுந்து ஓடவில்லை. வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே அண்ணன் வந்தான்.

வண்டியை ஒட்டிக் கடைசியாக, காது கிழிந்த ஒரு செவலை. தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். அது தட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தது. வண்டிக் கதவைச் சாத்தினார்கள். அது எழுந்திருக்கவில்லை.

வந்தது பதினாலு. கொடுத்தது பதிமூன்று. பாக்கி ஒன்று.