மஞ்சள் முடிப்பு

டிரைவிங் டெஸ்டில் முத்தாரம்மாளுக்கு அன்று கடைசி வாய்ப்பு. லேர்னர்ஸ் லைசென்ஸ் மறுநாளோடு முடிகிறது. போன தடவை, நட்ட கம்பிகளுக்கு நடுவே 'எச்' வடிவில் ஓட்டிக் காட்டும்போது ரிவர்ஸில் கம்பியை இடித்துத் தோற்றிருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த கணவர் தாணுலிங்கத்தைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சிச் சலித்து, ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டப் பழகியவள். டிரைவிங் ஸ்கூல் கார் வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. மிச்சம், மழைக்காலம் முழுக்க முற்றத்தில் நின்ற தாணுலிங்கத்தின் கார்.

அது கிளம்பவில்லை.

நான் மாடியில் குடியிருப்பவன். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ராத்திரி வேலையை விட்டதிலிருந்து பகலிலும் வீட்டில் இருக்கிறேன். அதனால் கூப்பிட்டாள். சாவியைத் திருப்பினால் 'டிக்' மட்டும் கேட்டது. பேட்டரி செத்திருந்தது. எதிர்வீட்டு ஷிபு தன் காரைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினான். கேபிள் போட்டதும் என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெட்ரோல் இருந்தது. ஃபியூஸ் சரி. எலி எந்த வயரையும் கடிக்கவில்லை. மீட்டரில் பூட்டுப் படம் போட்ட சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் அர்த்தம் தெரியாததால் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"ஆன்ட்டி, இனி ஆக்ரிக் கடையில பழைய இரும்பா எடைக்குப் போட்டா மதி," என்றான் ஷிபு.

"முடிப்பு இல்லாம எடுக்காதுன்னு அப்பமே சொன்னேன்லா," என்றாள் முத்தாரம்மாள்.

சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. இசக்கியம்மனை வேண்டி, ஸ்டியரிங் தண்டில் சாவித் துளையை ஒட்டி ஒரு மஞ்சள் துணி முடிப்பு கட்டியிருந்தாளாம். போன வாரம் காரைக் கழுவ வந்த மகன் வினீத் அழுக்கென்று அறுத்துப் போட்டுவிட்டான். இவள் குப்பையிலிருந்து எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஷிபு சிரித்தான். நானும்தான். அவள் உள்ளே போய் எடுத்து வந்து பழைய இடத்திலேயே கட்டினாள்.

திருப்பினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. என்ஜின் பிடித்துக்கொண்டது.

ஷிபு கேபிளைக் கழற்ற மறந்து நின்றான். முடிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"உடைஞ்ச சாவிக்க தலையாக்கும்."

முதல் சாவியின் பிளாஸ்டிக் தலை உடைந்தபோது தாணுலிங்கம் கடையில் வேறு சாவி வெட்டி வாங்கியிருக்கிறார். பழையதை எறிய மனமில்லாமல் இவள் திருநீறு வைத்து அன்றைக்கே கட்டிவிட்டாள்.

வெட்டின இரும்பு பூட்டைத்தான் திறக்கும். கார் கேட்பது அந்தத் தலைக்குள் இருக்கும் அரிசி அளவு கண்ணாடி மணியை. அதற்கு பேட்டரி கிடையாது, வயர் கிடையாது. துளையைச் சுற்றியுள்ள வளையம் கூப்பிட்டால், அந்தக் கூப்பாட்டிலிருந்தே உயிர் வாங்கித் தன் எண்ணைச் சொல்லும், பிறகு அடங்கிவிடும். வெறும் புதுச் சாவியோடு அந்தக் கார் ஒரு நாள்கூட ஓடியிருக்கக் கூடாது. இத்தனை பெரிய வீட்டில், கூப்பிட்டால் அதற்குக் கேட்கிற இரண்டு விரல் இடத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். ராத்திரி முழுக்க அடுத்தவர்களின் பாஸ்வேர்டை மாற்றிக்கொடுத்தவன் நான். அந்தத் துணியைத் தொடக் கை வரவில்லை.

விளக்கிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கெட்டினவ நானாக்கும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீதான் கேக்கல்ல," என்றாள்.

டெஸ்ட் மைதானத்தில் வண்டியை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்து ஓடிவந்த தூரத்தில் பேட்டரி எவ்வளவு ஏறியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். பெயர் கூப்பிட்டதும் அவள் சாவியைத் திருப்பினாள். சிவப்பு வந்தது, போனது. என்ஜின் பிடித்தது.

நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். கார் பின்னால் வந்து, வளைந்து, நின்றது. கம்பி ஒன்றுகூட ஆடவில்லை.