ஆபீசர் உட்காரும் கம்பம்

...வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார், வேறென்ன, சிரிப்பை முகத்தில் காட்டாமலே ஆளைக் கலாய்க்கிறதில் மாமா கைதேர்ந்தவர், அவள் மருமகளாக வந்த புதிதில் ஒரு கொக்கைக் காட்டி, அது வெள்ளையடித்த காக்கா என்று சொல்லி அவளை அரை நாள் யோசிக்க வைத்தவர்தானே... ஆனால் கலாய்க்கிறவர் அவள் எப்படி முழிக்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பாரே, இப்போது பார்க்கவில்லையே, காரின் முன்பக்கம் சாய்ந்து நின்றுகொண்டு, ஆறு கடலில் விழுகிற அந்த முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பாத்தியாம்மா, வந்துட்டான் நம்ம ஆபீசர். கம்பத்து மேல ஜம்முனு உக்காந்திருக்கான் பாரு." ஆபீசர் என்றால் ஒரு பறவை, விராலடிப்பான், மீனை மட்டுமே தின்கிற பெரிய பருந்து, குளிர்காலம் வந்தால் எங்கிருந்தோ பறந்து வந்து, பழைய படகுத்துறையின் மிச்சமாய்த் தண்ணீரில் நிற்கிற ஒற்றை மரக்கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரையே மேற்பார்வை பார்க்கும், அதனால் மாமா வைத்த பேர் ஆபீசர். அவளும் பார்த்தாள், கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள், தண்ணீர் இருந்தது, அக்கரையில் புதர் இருந்தது, கம்பத்தைக் காணோம். போன வாரம் அடித்த புயலில் போயிருக்கும், அது நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் லேசாகச் சுழித்துக்கொண்டு ஓடியது.

கம்பமே இல்லாதபோது ஆபீசர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்... வேறு ஏதாவது கம்பமா, படகின் பாய்மரமா, ஒன்றும் இல்லை, எல்லாப் பக்கமும் பார்த்தாகிவிட்டது. அப்படியானால் காலையிலிருந்து சொன்னதெல்லாம்? முதலில் போனது கழிவுநீர்க் குளம், வீட்டில் அதற்கு நாத்தக் குளம் என்று பேர், அத்தை வைத்தது. ஊர்லே பூங்கா இருக்கு, கடற்கரை இருக்கு, இந்த மனுஷனுக்குச் சாக்கடைதான் சொர்க்கம் என்று அத்தை ஞாயிற்றுக்கிழமை தோறும் தலையில் அடித்துக்கொள்வாள், ஆனால் பறவை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இடத்தில்தான் பறவைகள் பந்திபோட்டு உட்காரும். அங்கே மாமா, நடுக்குளத்துல முக்குளிப்பான் என்றார், அவள் செல்போனில் பறவைக் கணக்கில் தட்டிக்கொண்டாள். அடுத்தது உப்பளம், வரப்போரமா நெடுங்கால் உள்ளான் என்றார், தட்டிக்கொண்டாள். அலைதடுப்புச் சுவரில், நீர்க்காகம் ரெக்கையை விரிச்சுக் காயவைக்குது என்றார், அதையும் தட்டிக்கொண்டாள். ஒரு தடவையாவது தலையை நிமிர்த்திப் பார்த்தாளா? எதற்குப் பார்க்க வேண்டும், சொல்கிறவர் யார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, லாரியளவு பெட்டியை முட்டையை வைக்கிற மாதிரி கப்பலில் இறக்கிவைத்த மனுஷர், அவர் கண்ணைப் பற்றி ஊரே பேசும், அவர் சொன்னால் சொன்னதுதான். முக்குளிப்பான் எந்தக் காலத்திலும் நடுக்குளத்தில்தான் இருக்கும். உள்ளான் எந்தக் காலத்திலும் வரப்போரம்தான். நீர்க்காகத்துக்கு இறக்கை காயவைப்பதை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. அந்தந்த இடத்தில் இருக்க வேண்டியதை அந்தந்த இடத்தில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான், அதற்குக் கண் எதற்கு?

இந்த வித்தை அவளுக்குப் புதிதில்லை, வாரத்தில் ஆறு நாளும் பார்க்கிறாள், அவள் வேலை செய்வதே மூக்குக் கண்ணாடிக் கடையில், கண் சோதிக்கிற அறையில். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வருகிற பெரியவர்கள் வெளியே நாற்காலியில் காத்திருக்கும்போதே, உள்ளே எழுத்துப் பலகையை வாசிக்கிறவர்களின் குரலைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவார்கள், தங்கள் முறை வந்ததும் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள், அவள் சிரித்துக்கொண்டே வேறு பலகையை மாட்டுவாள், ஒப்பிப்பு பாதியில் நிற்கும், பாவமாக இருக்கும், ஆனாலும் மாட்டத்தான் வேண்டும். மாமாவும் பலகையைத்தான் ஒப்பித்திருக்கிறார், இந்தக் கடற்கரை முழுக்க அவருக்கு மனப்பாடமான பலகை, புயல் வந்து வேறு பலகையை மாட்டிவிட்டது. எத்தனை மாதமாக? நேரே பார்க்காமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாரே, குருவி பார்த்துப் பார்த்துத் தாத்தாவும் குருவி ஆயிட்டாரு என்று வீடே சிரித்ததே, அவளும்தானே சேர்ந்து சிரித்தாள். நடுப்பார்வை போனவர்கள் அப்படித்தான் சாய்த்துப் பார்ப்பார்கள் என்று கடைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிறவள் அவள்! செல்போனில் பொடி எழுத்து, எனக்கு ஒத்து வராது, நீ கூட வந்து எழுதும்மா என்று போன வருஷம் கூப்பிட்டபோதே உறைத்திருக்க வேண்டாமா. ஊரார் கண்ணுக்கெல்லாம் விளக்கைப் பிடித்துப் பார்த்தவள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற கண்ணைப் பார்க்கவில்லை, தன்னை நினைத்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

இல்லை, அவசரப்படக் கூடாது, ஒருமுறை சோதித்துவிடலாம்... அந்த நினைப்பே கேவலமாக இருந்தது, அப்பா மாதிரி இருக்கிறவரைக் குழி வெட்டி விழவைக்கிறதா, ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "மாமா, அவன் கால்ல மீன் இருக்கா?" மாமா கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியை எடுத்தார், சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், கண்ணில் வைத்து நடுச்சக்கரத்தை நிதானமாக இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினார், அந்த விரல்களின் பக்குவத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது, வெறும் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார், பிறகு குழந்தை மாதிரி சிரித்தார். "இருக்கும்மா. இன்னும் உயிர் போகலை, வால் துடிக்குது." பொய் சொல்கிறாரா, இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிகிறதா? பார்த்துப் பார்த்துப் பழகிய மனசு, கண் விட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமோ என்னவோ. அப்படியே விட்டுவிடலாமே, யாருக்கு என்ன நஷ்டம், வயசானவர், ஆபீசரைப் பார்த்த சந்தோஷத்தில் இந்த ஞாயிறு போகட்டும், அடுத்த ஞாயிறும் போகட்டும், ஒரு பறவையைக் கூட்டித் தட்டிக்கொண்டால் உலகம் என்ன முழுகியா போய்விடும்...

முழுகும். நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் அவள் கடை திறக்க ஓடுவாள், கணவர் ஊரின் மறுகோடியில் இருக்கிற வேலைக்கு ஓடுவார், பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது மாமா, இதே காரில். அப்போதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது, வந்ததும் பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பா ஒரு நாள் சாப்பிடும்போது பீற்றிக்கொண்டாளே, நானும் தாத்தாவும் காருல விளையாட்டு விளையாடுவோம், நான்தான் போலீஸ், சிவப்புன்னா நிறுத்துங்கன்னு சொல்லணும், பச்சைன்னா போலாம்னு சொல்லணும், தாத்தா நான் சொன்னாத்தான் நகருவாரு என்று. எல்லாரும் சிரித்தார்கள். அவள் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளி, எங்க வீட்டுப் போலீஸ் என்று கொஞ்சினாள். அவளையும்தான் இப்போதெல்லாம் சும்மா கேட்பார், சிக்னல் விழுந்துடுச்சா பாரும்மா, அந்த லாரிக்காரன் ஒதுங்குறானா பாரும்மா என்று, அதைப் பேச்சுத்துணை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, எழுதுவதற்கா கூட்டிக்கொண்டு வந்தார், ஒரு ஜோடி கண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு மருமகள் கண், மற்ற நாளைக்குப் பேத்தி கண். கோபம் அப்படி வந்தது, அப்படியே கார்ச் சாவியைப் பிடுங்கிக் கடலில் வீசிவிடலாம் போல, என் பிள்ளையை வைத்துக்கொண்டா விளையாடினீர்கள் என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் போல, வந்த வேகத்திலேயே தொலைநோக்கியைத் துடைத்த அந்தச் சட்டை நுனி கண்ணில் பட்டது, கேட்க முடியவில்லை. கணவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், ஆய் ஊய் என்று குதிப்பார், அத்தை எதிரிலேயே சாவியைப் பிடுங்குவார், மாமா மறுவார்த்தை பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவார், அதற்குப் பிறகு நாத்தக் குளம் ஏது உப்பளம் ஏது, அந்த மனுஷர் எழுந்திருக்கவே மாட்டார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் நாளைக் காலையில் பாப்பா சீருடை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் ஏறுவாள்.

"மாமா." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அங்க கம்பம் இல்ல மாமா." அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை. "போன வாரம் அடிச்ச காத்துல போயிருக்கும் போல. அந்த இடத்துல வெறும் தண்ணிதான் இருக்கு." அவர் தொலைநோக்கியைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு நின்றார், எடுத்தால் முகம் தெரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது, அவளும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மீன்படகு டடடடவென்று போனது, அது கிளப்பிய அலை கரைக்கு வந்து அடங்கியது. பிறகு, "அப்ப ஆபீசர் வந்தா எங்கம்மா உக்காருவான்?" என்றார். சமாளிக்கிறதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே அந்தக் கவலைதான் குரலில் இருந்தது, அவ்வளவு தூரம் பறந்து வந்து இடத்தைக் காணோமென்றால் அவன் எங்கே போவான் என்கிற கவலை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வேற கம்பம் பாத்துப்பான் மாமா" என்றாள், சொன்னதும் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

காருக்குத் திரும்பினார்கள். மண்பாதையில் குழி கிடந்த இடத்தில் கையைப் பிடிக்கலாமா என்று அவள் யோசிப்பதற்குள் அவர் அதைத் தாண்டியிருந்தார், கால் அவருக்குச் சரியாகத்தான் வேலை செய்கிறது, ஓரத்தில் கிடப்பதெல்லாம் தெரியும், நேரே எதிரில் இருப்பதுதான் தெரியாது, எதிரில் நிற்கிற மனுஷரின் முகம்கூட... அப்படியானால் என் முகம்? பாப்பா முகம்? போன மாதம் பாப்பாவின் பல் விழுந்ததை அவர்தானே முதலில் கண்டுபிடித்தார், பேச்சு மாறியிருக்கு, பல்லு போயிடுச்சா என்று. ஓட்டுநர் பக்கத்துக் கதவருகில் போய் நின்றார், சட்டைப்பையில் கையை விட்டார், கை அங்கேயே இருந்தது. இப்போது கேட்டுவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் விட்டதுதான், கேளு, கேளேன்டி... அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சாவியை எடுத்துக் காரின் கூரைமேல் வைத்தார், அவளைப் பார்த்து நீட்டவில்லை, சும்மா வைத்தார், பிறகு காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்தார். "நீ ஓட்டு. எனக்கு இன்னிக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு வரணும்போல இருக்கு."

வழியில் உப்பளம் வந்தபோது அவர் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தார், பறவை எதையும் சொல்லவில்லை. ராத்திரி கணவரிடம் எப்படிச் சொல்வது, முதலில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்லலாமா, காலையில் பாப்பாவை யார் விடுவது, கடைக்குத் தாமதமாக வருகிறேன் என்று முதலாளியிடம் என்ன சாக்குச் சொல்வது, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஓட்டுகிறேன் என்று சொன்னால் வருவாரா, வந்தாலும் என்ன பார்ப்பார், நான் பார்த்துச் சொன்னால் அது அவர் பார்த்த கணக்கில் சேருமா... பள்ளிக்கூடத்து முனையில் சிக்னல் சிவப்பாக இருந்தது, நிறுத்தினாள். பாப்பா தினமும் உட்காருகிற இருக்கையில் அவர் தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இந்த முனை என்று எப்படித் தெரிந்ததோ, தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாப்பா கெட்டிக்காரிம்மா. ஒரு நாள்கூடத் தப்பாச் சொன்னதில்ல." அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், திட்டுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா, மன்னிப்புக் கேட்கிறாரா, இல்லை பேத்தியைப் பாராட்டத்தான் பாராட்டுகிறாரா... பின்னாலிருந்து ஒருத்தன் ஹாரனை அடித்தான், விடாமல் அடித்தான், இன்னொருத்தனும் சேர்ந்துகொண்டான். நிமிர்ந்து பார்த்தாள். பச்சை எப்போதோ விழுந்திருந்தது, கண்ணுக்கு நேரே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, அவளோ யாராவது சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.