கர்சர் ஒரு வரி இறங்கியது

ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அண்ணனின் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் பிரீத்தி. ஆறு வருடத்தில் அந்தக் கீபோர்டை அவள் தொட்டதே இல்லை.

"உக்காந்துட்டேன். சொல்லு."

"கண்டதைத் தொட்டுராத பாப்பா." தேவாலாவிலிருந்து வந்த தரணிதரனின் குரல், மழைக்குள் நின்று பேசுவது போல இருந்தது. "ஃபைல் தெறந்தேதான் இருக்குது. கீழ போறதுக்குக் கண்ட்ரோலை அமுத்திக்கிட்டு 'என்' அடி, போதும். உங்க ஊட்டு வழக்கமெல்லாம் அங்க வேண்டாம்."

"ஒரே ஊட்டுக்குள்ள உங்க ஊடு, எங்க ஊடா?"

"எடிட்டர்னு வந்துட்டா ரெண்டு ஊடுதான்."

அண்ணனும் தங்கையும் குன்னூரில் வீட்டு முன்னறையில் இருந்தபடியே தேயிலை ஃபேக்டரிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பவர்கள். எழுதுவதற்கு அவன் ஈமாக்ஸ் என்ற எடிட்டரை வைத்திருந்தான். அவள் வீஐ. அவளுடையதில் எழுத்துகளே கட்டளைகள். 'ஜே' அடித்தால் கர்சர் ஒரு வரி கீழே இறங்கும். அவனுடையதில் 'ஜே' அடித்தால் ஜே என்ற எழுத்துதான் விழும். நகர்வதற்கும் சேமிப்பதற்கும் கண்ட்ரோல் விசையைச் சேர்த்து அமுக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்காக மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா கருப்புசாமி, காப்பி டம்ளரோடு நடுவில் வந்து நின்று, "ரெண்டு பொட்டியிலயும் உழுகறது அதே இங்கிலீசுதான சாமி" என்பார். அப்போது மட்டும் இருவரும் ஒன்றுசேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த சிலவற்றில் ஒன்று தேவாலாவில். அங்கே கொழுந்து நிறுக்கும் மின்தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனதால், முந்தின நாள் அவன் பஸ் ஏறிப் போயிருந்தான். சரிசெய்வதற்கு வீட்டு ஃபைலில் இருக்கும் ஒரு வரி வேண்டும்.

பேச்சுவாக்கில் அவள் விரல் பழகின இடத்துக்குப் போய்விட்டது. ஜே. அடித்த பிறகுதான் உறைத்தது. ஃபைலுக்குள் ஒரு ஜே விழுந்திருக்கும், கத்தித் தீர்க்கப்போகிறான் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எழுத்து விழவில்லை. கர்சர் ஒரு வரி இறங்கியது.

மறுபடி அடித்தாள். இன்னொரு வரி. 'கே' அடித்தாள். ஏறியது.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"அண்ணா. என்ற கீயெல்லாம் இங்க வேலை செய்யுது."

'எல்' அடித்துப் பார்த்தாள். அதுவும் நகர்ந்தது.

"எப்ப மாத்துன?"

"சித்திரையில."

ஈமாக்ஸை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஆறு வருடமாகத் தன் கைக்குத் தக்கபடி அவன் வளைத்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, அவளுடைய விசைகளை உள்ளே வைத்திருக்கிறான். மூன்று மாதமாக அவன் தட்டுத்தடுமாறி டைப் அடிப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "இப்பவே வயசாயிருச்சாண்ணா?" என்று கேலிகூடச் செய்தாள். அவனும் சிரித்தான். அவள் கைக்கு எங்கே இடறும் என்று, அவள் கையாக இருந்து ஒவ்வொரு விசையாக அடித்துப் பார்த்திருக்கிறான்.

சித்திரையில்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து, "வெறும் கேஸ் டிரபிள்" என்றான்.

"எதுக்கு மாத்துன?"

"பின்னால நீதான பாக்கோணும்."

"பின்னாலன்னா?"

"அந்த வரியைப் படி பாப்பா. வெளிய பொம்பளைங்க கொழுந்தோட நனைஞ்சுட்டு நிக்கறாங்க."

படித்தாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொன்னான். நடுநடுவே மூச்சு வாங்கியது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இருதயம் வீங்கியிருக்குதாம். அப்பாகிட்டச் சொல்லீராத."

"மாத்திரை கையில இருக்குதா?"

"இருக்குது, இருக்குது."

ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"பஸ் ஏறாத. அங்கயே படு. நானும் அப்பாவும் கார் எடுத்துட்டு வர்றோம்."

"இந்த மழையிலயா? பாப்பா, நீ—"

லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தாள். கடைசியில் எடுத்தது அவன் அல்ல. அந்த ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் தனசிங்.

"சார் டைப் அடிச்சிட்டுத்தாம்மா இருக்காரு. ஆனா இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது. சட்டை பூரா நனைஞ்சுபோச்சு."

"டாக்டரைக் கூப்பிடுங்க. எழுந்திரிக்கவே விடாதீங்க."

ஊட்டி தாண்டி நடுவட்டம் இறக்கத்தில், பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது வாடகைக் கார். மூடுபனி விலகிய இடங்களில் பூட்டிய கேட்டுகள் தெரிந்தன. முன்சீட்டில் அப்பா ஒரு பாட்டிலை மடியில் வைத்திருந்தார்.

"ஓமத்தண்ணி காய்ச்சுனன் கண்ணு. கேஸுக்கு நல்லாக் கேக்கும். மேல்மூச்சு வாங்கறதெல்லாம் அதுதான்."

"சரிங்ப்பா," என்றாள். பாவம், வேறென்ன சொல்வாள்?

கூடலூரில் எஸ்.டி.டி. பூத் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னாள். தனசிங்தான் எடுத்தார். அவள் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

"அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"

"கார்ல இருக்காரு."

"மெதுவா வாங்கம்மா. அவசரப்பட வேண்டாம்."

காருக்குத் திரும்பினாள். அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சொல்றான்?"

"மெதுவா வரச் சொன்னாங்கப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கொழுந்து வாட்டும் மேல்மாடியில், தார்ப்பாய் விரித்து அவனைக் கிடத்தியிருந்தார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலரைச் சரிசெய்தார். ஒரு பித்தான் மாறிப் போட்டிருந்தது. அதைக் கழற்றிச் சரியான துளையில் போட்டார். டாக்டர் பந்தலூரிலிருந்து வந்து சீட்டு எழுதித் தந்தால்தான் உடம்பை எடுத்துப்போக முடியும் என்றார்கள்.

பிரீத்தி கீழே இறங்கியபோது, இறவாரத்தில் பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு அப்படியே நின்றிருந்தார்கள். ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. தனசிங் கையைப் பிசைந்தார்.

"கேக்கக் கூடாதும்மா. இப்ப நிறுக்கலைன்னா கொழுந்து செவந்து வீணாப்போயிரும். உங்களால முடியாதுன்னா இவங்களைத் திருப்பி அனுப்பச் சொல்றேன்."

"வேண்டாம்," என்றாள்.

ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அவன் யாருக்காகவும் எதையும் மாற்றவில்லை, பழைய ஈமாக்ஸ். அவள் படித்துச் சொன்ன வரி பாதியில் நின்றிருந்தது. மீதியை அடித்தாள். பிறகு சேமிப்பதற்குக் கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு எக்ஸ், எஸ். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடம் கேலி செய்ததில் எல்லாமே மனப்பாடம் ஆகியிருந்தது.

புரோகிராம் எழுந்தது. தராசின் எண் திரையில் வந்து பூஜ்ஜியத்தில் நின்றது. அதன்கீழே கொழுந்து கொண்டுவந்தவர்களின் பெயர்கள். ஜன்னலைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

"ஆண்டாயி."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் மேல்மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அசைந்தாள். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறும் தலையோடு மழைக்குள் இறங்கி வந்தாள்.