முப்பத்தேழு மில்லிமீற்றர்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு சித்திரை மாதம் ஒரு பின்னேரம், ஊர்காவற்றுறையில் ஒரு பங்கு மண்டபத்தில் ஜெயந்தா கரும்பலகையில் கணினியின் விசைப்பலகையை வரைந்து பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது கடற்படை முகாமிலிருந்து ஒரு அதிகாரி கையில் டீசல் கானோடு வந்து வாசலில் நின்றார். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மூடி எட்டு மாதமாகியிருந்தது. தீவுக்கு டீசல் வருவது குறைந்து, மண்டபத்து ஜெனறேற்றர் மாசியிலிருந்து ஓடவில்லை. வெளிநாட்டிலிருந்து ஊர்ச்சனம் வாங்கி அனுப்பிய நான்கு கணினிகளும் துணி மூடிக் கிடந்தன. ஏ.எல். பரீட்சை முடித்த பெண்பிள்ளைகள் பதினொரு பேர், கொப்பித் தாளில் கட்டம் கீறி, அதன்மேல் விரல் வைத்துத் தட்டச்சுப் பழகினார்கள்.

அதிகாரியின் பெயர் நிலந்த. இருபத்தேழு வயதிருக்கும், ஜெயந்தாவின் வயதுதான். தமிழ் ஓரளவு பேசுவார். கிழமைக்கு இரண்டு தரம் டீசல் தருவதாகவும், வகுப்பு முடிந்தபிறகு தன்னை ஒரு மணித்தியாலம் கணினியில் விளையாட விட்டால் போதும் என்றும் பங்குத் தந்தை அம்புறோஸ் சுவாமியிடம் கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார். ஆனாலும் இடுப்பில் துவக்கோடு வந்து கேட்கிறவருக்கு இல்லையென்று சொல்லும் நிலையில் அந்தத் தீவில் யாரும் இருக்கவில்லை. சுவாமி சம்மதித்தார்.

அது டாங்கிகள் மோதிக்கொள்ளும் விளையாட்டு. நிலந்த சீடியைப் போட்டு இரண்டு கணினிகளில் அதை ஏற்றி, நடுவில் ஒரு வயரைப் பூட்டினார். தனியே விளையாடி அலுத்துவிட்டது, எதிரில் ஒரு ஆள் வேண்டும் என்றார். சுற்றிப் பார்த்துவிட்டு ஜெயந்தாவைக் காட்டினார்.

"மிஸ் வாங்க. மிஸ்ஸுக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும்."

ஜெயந்தா அம்புறோஸ் சுவாமியைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். அவள் போய்க் கதிரையில் இருந்தாள்.

அவள் போய் இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அவளுடைய புருசன் றஜீபன் கடற்தொழில் செய்கிறவன். தை மாதக் கடைசியில் ஒரு காலை, வாடைக்காற்று அவனுடைய வள்ளத்தை எல்லைக் கொடிக்கு அப்பால் இழுத்துப்போய்விட்டது. நூறு யார் தூரந்தான் இருக்கும். பிடித்த கடற்படையினர் வலையை விட்டுவிட்டுப் பாஸை வாங்கிக்கொண்டார்கள். கடலுக்குப் போக முகாமில் கொடுக்கும் அந்த மட்டை இல்லாமல் கால் நனைக்கவும் ஏலாது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு முகாம் வாசலில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். ஏன், எத்தனை நாளைக்கு என்று கேட்க அவனுக்கு மொழி தெரியாது. தெரிந்தாலும் கேட்டிருக்கமாட்டான். கையெழுத்து வைத்துவிட்டு வந்து, கரையில் மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

விளையாட்டில் எல்லோரும் ஒரே டாங்கியில்தான் தொடங்கவேண்டும். முதலாம் உலகப்போர் முடிந்த காலத்துச் சின்ன டாங்கி அது. தகரப்பெட்டி போல இருக்கும். அதற்கு முப்பத்தேழு மில்லிமீற்றர் பீரங்கி. வென்றால்தான் அடுத்தது கிடைக்கும். நிலந்த வீட்டிலேயே விளையாடி வென்றவற்றை ஒரு சீடியில் கொண்டுவந்திருந்தார். ஆகவே அவருக்கு வீடு போல ஒரு பெரிய டாங்கி. ஜெயந்தாவுக்குத் தகரப்பெட்டி. அவள் வென்றால் நல்ல பீரங்கி வரும். நல்ல பீரங்கி இல்லாமல் வெல்ல ஏலாது.

முதல்நாள் சத்தத்தோடு விளையாடினார்கள். மூன்றாவது ஷெல்லுக்கே பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியதால், சுவாமி ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னார். அதன்பிறகு எல்லாம் ஊமையாக நடந்தது. அவளுடைய குண்டு போய்ப் பெரிய டாங்கியின் முன்கவசத்தில் பட்டு ஒரு பொறி தெறிக்கும். அவ்வளவுதான். நாலு பொறி, ஐந்து பொறி. பெரிய டாங்கியின் குழல் மெதுவாகத் திரும்பும். ஒரு வெடி. திரை கறுத்துவிடும். அவர் சிரிப்பார். திரும்பத் தொடங்குவார்கள்.

ஜெயந்தாவுக்கு வெல்லவேண்டும் என்ற நினைப்பே இருக்கவில்லை. ஆனாலும் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கைக்கு அது பிடிபட்டுவிடும். ஒரு மாதத்துக்குள் அந்தச் சின்னப் பீரங்கியின் குணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தூரத்திலிருந்து சுட்டால் குண்டு வலுவிழந்து கீழே இறங்கிவிடும். ஐம்பது மீற்றருக்குள் போனால்தான் அதற்கு உயிர். முன்கவசத்தில் பட்டால் ஒன்றும் ஆகாது; பக்கவாட்டில் சக்கரத்துக்கு மேலே பட்டால் கொஞ்சம் இறங்கும்; பின்னுக்கு, எஞ்சின் மூடியில் பட்டால் உள்ளே போகும். பெரிய பீரங்கி ஒருதரம் சுட்டால் அடுத்த குண்டு ஏற்ற ஒன்பது விநாடி எடுக்கும். அந்த ஒன்பது விநாடிக்குள் சின்னது நாலு தரம் சுடலாம். அவருடைய டாங்கியில் குழலைத் தாங்கும் கோபுரம் திரும்புவதற்குள் இவள் ஒரு முழு வட்டம் அடித்துவிடலாம்.

வைகாசி முடியுமுன்பே தன்னால் வெல்ல முடியும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய நாளிலிருந்து கவனமாகத் தோற்கத் தொடங்கினாள்.

ஒருநாள், அவர் மூன்று தரம் வென்று சந்தோசமாக இருந்த நேரம் பார்த்து, பாஸைப் பற்றிக் கேட்டாள். றஜீபனின் பெயர், வள்ளத்தின் இலக்கம் எல்லாம் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாள். நிலந்த வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பார்க்கிறேன் என்றார். அடுத்தமுறை வந்தபோது அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிழமை விட்டு அவள் மெல்ல நினைவூட்டியபோது, அது தன்னுடைய பகுதி இல்லை, வேறொருவரிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் இதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. முதலில் தன்னுடைய விசயத்தை அவரிடம் கேட்கவேண்டாம் என்று சொன்ன றஜீபன், ஆனி மாதமளவில், என்ன சொன்னவர் என்று கேட்கத் தொடங்கினான். வள்ளம் கரையில் கிடந்து காய்ந்து, முன்பக்கமான அணியத்தில் பலகைகள் வெடிப்பு விடத் தொடங்கியிருந்தன. அவன் பின்னேரங்களில் போய் அதற்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு வருவான்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலையில் கையெழுத்து வைக்கப் போன றஜீபன் திரும்பி வரவில்லை. ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறவன். பதினொரு மணிக்கு ஜெயந்தா முகாம் வாசலுக்குப் போனாள். காவலில் நின்றவன் அவளுக்கு விளங்காத மொழியில் ஏதோ சொல்லிக் கையைக் காட்டிப் போகச் சொன்னான். உள்ளே வேப்பமரம் ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே ஆட்கள் இருந்தார்களா என்று தெரியாமல் மதில் மறைத்துவிட்டது. அவள் சுவாமியிடம் ஓடினாள். சுவாமி வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு போனார். ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றுவிட்டு வந்தார். விசாரணை என்று மட்டும் சொல்கிறார்கள் என்றார். அந்தச் சொல்லின்கீழ் அந்த வருசம் எத்தனை பேர் போய்த் திரும்பவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வகுப்பை விடாதே, வழமைபோல நடத்து, நிலந்த வருவார், வந்தால் கேட்கலாம் என்றார் சுவாமி. அவள் நடத்தினாள். என்ன படிப்பித்தாள் என்று பிறகு நினைவில்லை.

நாலு மணிக்கு நிலந்த டீசல் கானோடு வந்தார். ஜெயந்தா எழுந்துபோய் வாசலிலேயே அவரை மறித்தாள்.

"சேர், என்ரை அவரைக் காலமை தொடக்கம் உள்ளுக்கை வைச்சிருக்கினம். கையெழுத்து வைக்கப் போனவர். அவர் ஒண்டும் செய்யேல்லை சேர்."

நிலந்த கானைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியாது மிஸ். அது வேற செக்‌ஷன். நான் கேக்க முடியாது."

"ஒருக்கால் போய் இருக்கிறாரோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

"முடியாது மிஸ்," என்றார் அவர். பிறகு, வேறென்ன சொல்வது என்று தெரியாதவர்போலக் கதிரையை இழுத்து, "வாங்க, விளையாடுவோம்," என்றார்.

அவள் போய் இருந்தாள். அன்றைய களம் ஒரு இடிந்த கிராமம். அவள் ஒரு களஞ்சியத்தின் பின்சுவரோடு ஒட்டி நின்றாள். பெரிய டாங்கி தெருவால் வந்தது. மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். அவர் சுட்டார், சுவரின் மூலை உடைந்தது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு வெளியே பாய்ந்து, அவருடைய பக்கத்தால் உரசிக்கொண்டு பின்னுக்குப் போனாள். கோபுரம் திரும்பத் தொடங்கியது. எஞ்சின் மூடிக்கு நேரே, பத்து மீற்றரில் நின்று சுட்டாள். பொறி பறக்கவில்லை. குண்டு உள்ளே போனது. திரும்பச் சுட்டாள். திரும்ப. நாலாவதில் புகை வந்தது. குழல் அவளுக்கு நேரே வருமுன், ஏழாவதில் பெரிய டாங்கி எரிந்தது.

நிலந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததைத் தொடங்கினார். அவள் அதையும் எரித்தாள். மூன்றாவதற்கு விளையாட்டு அவளுக்கு ஒரு புது டாங்கியைக் காட்டி, வேண்டுமா என்று கேட்டது. அவள் வேண்டாம் என்று அழுத்திப் பழையதிலேயே போனாள். இந்தமுறை அவர் சுவரோடு முதுகை வைத்து நின்றார். அவள் நாற்பது மீற்றரில் நின்று அவருடைய சங்கிலிச் சக்கரத்தைச் சுட்டு அறுத்தாள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஓடி அவர் தானாகவே திரும்ப, முதுகு வெளியே வந்தது. அவள் கிட்டப் போய், எண்ணாமல், அவர் எரிந்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நின்ற வினோஜா, புளியங்கூடலிலிருந்து வகுப்புக்குச் சைக்கிளில் வருகிற பிள்ளை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நிலந்த எழுந்து தொப்பியை எடுத்தார். "மிஸ் முதல்லயே இப்பிடி விளையாடியிருக்கலாம்," என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று யாராலும் சொல்லமுடியவில்லை. டீசல் கானை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் ஜெயந்தாவுக்குத் தான் செய்தது உறைத்தது. உள்ளே புருசன் இருக்கிறான். உள்ளே போகிற ஒருவரை அவள் மூன்று தரம் அவமானப்படுத்தி அனுப்பியிருக்கிறாள். சீமெந்துத் தரையில் இருந்துவிட்டாள். வினோஜா தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் குடிக்கவில்லை. என்னாலை எல்லாம் போச்சு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு றஜீபன் நடந்து வந்தான். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அடிக்கவில்லை என்றான். காலையில் யாரோ வந்து மரத்தின்கீழ் இருக்கச் சொன்னார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. மத்தியானம் காவல் மாறியது. புதிதாக வந்தவனுக்கு அவன் ஏன் இருக்கிறான் என்று தெரியாது. பின்னேரம் இன்னொருவன் வந்து, இவனை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஏசி அனுப்பினான்.

"என்னை மறந்துபோச்சினம் போலை," என்றான் றஜீபன்.

அவள் அழுதுகொண்டு நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீர் வெண்டதும் அங்கை ஆருக்கும் தெரியாது, இவ்வளவு நாளும் தோத்ததும் ஆருக்கும் தெரியாது. நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டான்.

அடுத்தமுறை நிலந்த வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. அம்புறோஸ் சுவாமி, ஒருமுறை போய் மன்னிப்புக் கேட்டால் நல்லதோ என்று தயங்கிச் சொன்னார். ஜெயந்தாவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் சிங்களத்தில் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனாள். காவலில் நின்றவன் வாசித்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, கையைக் கிழக்கே தூரமாகக் காட்டினான். சுவாமி பிறகு விசாரித்தபோது, மாற்றம் என்றார்கள். தோற்ற மறுநாள், வெள்ளிக்கிழமையே நிலந்த போய்விட்டார். அவர் அந்த வியாழக்கிழமை வரும்போதே தெரிந்துகொண்டுதான் வந்தாரோ என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அவளுடைய துண்டு அவருடைய சட்டைப்பையிலேயே போயிருக்கவும் கூடும்.

அவர் விட்டுப்போன டீசலில் வகுப்பு மூன்று நாள் ஓடியது. பிறகு நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் விட்டார்கள்.

றஜீபனின் பாஸ் அடுத்த வருசம் பங்குனியில் கிடைத்தது. கையெழுத்து வைக்கப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒருவன் மேசைக்கு மேலால் அதைத் தள்ளிவிட்டான். யார் சொன்னது, ஏன் இப்போது என்று ஒன்றும் இல்லை. வள்ளத்தை அதற்குள் அனலைதீவு ஆள் ஒருவர் விறகுக்கும் ஆணிக்குமாக வாங்கிக்கொண்டு போயிருந்தார். றஜீபன் வேறொருவரின் வள்ளத்தில் ஆளாகப் போகத் தொடங்கினான்.

பாஸ் தந்தபோது இனிக் கையெழுத்து வைக்கத் தேவையில்லையா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு, கடலுக்குப் போகாமல், திரும்பவும் முகாம் வாசலில் போய் நின்றான். பதிவுப் புத்தகத்தில் அவனுடைய பெயர் இருக்கவில்லை. காவலில் நின்றவன் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நிற்கும்படி கையைக் காட்டினான். றஜீபன் மத்தியானம் வரை நின்றான்.