அணுக்களை எழுப்பியது யார்?

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளை "அண்ணி" என்றுதான் கூப்பிட்டார்கள். அதை ஆரம்பித்து வைத்தது அவளுடைய கொழுந்தன். கணவனின் கூடப்பிறந்த தம்பி, மின்னணுப் பொறியாளன். மேல்மாடியில் அவனுக்குச் சில்லுகள், அதாவது 'சிப்'கள், செய்யும் அறை, கீழ்மாடியில் இவளுக்கு ரத்த அணுக்களை ஆராயும் அறை. இரண்டு பேரையும் ஒரே திட்டத்தில் சேர்த்துப் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே அவன் பழக்கதோஷத்தில், "அண்ணி, அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மறு வாரத்துக்குள் படிக்கட்டு துடைப்பவரிலிருந்து இயக்குநர் வரை அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

பாசமான பெயர்தான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆராய்ச்சியாளர் மறுப்புச் சொன்னால் அது மறுப்பு. அண்ணி மறுப்புச் சொன்னால் அது வீட்டுச் சண்டை. "விடுங்க, அண்ணி இன்னிக்குக் கோவமா இருக்காங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

திட்டம் நல்ல திட்டம். உடம்புக்குள் கிருமி புகுந்தால் முதல் ஆளாக ஓடுவது ஒரு வகை வெள்ளணு, நியூட்ரோபில் என்று பெயர். சும்மா இருக்கும்போது உருண்டையாக, சாதுவாக ரத்தத்தில் மிதக்கும். ஆபத்து என்று தெரிந்ததும் விழித்துக்கொண்டு தட்டையாகப் படரும், கால் நீட்டும். அப்போது அதன் வழியாக மின்சாரம் போகும் விதமும் மாறிவிடும். ஒரு துளி ரத்தத்தைச் சில்லின் மெல்லிய வாய்க்காலில் ஓடவிட்டு, விழித்த அணுக்கள் எத்தனை என்று கண்டுபிடித்துவிட்டால், நோயாளிக்குத் தொற்று முற்றுவதற்கு முன்பே மருத்துவரை உஷார்ப்படுத்தலாம்.

சில்லு தயாரானது. ஓட்டிப் பார்த்தார்கள். அது எல்லோரையும் நோயாளி என்றது.

வாசல் காவலர், நூலகர், கல்யாணம் முடிந்து முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பிய கணக்கர் என்று ஒருவர் பாக்கியில்லை. எல்லோருடைய அணுக்களும் விழித்திருப்பதாகச் சில்லு சாதித்தது. கொழுந்தன் தன் ரத்தத்தையே கொடுத்துப் பார்த்தான். அவனும் சாகக் கிடக்கும் ஆளைப் போலத்தான் திரையில் தெரிந்தான்.

"அண்ணி, உங்க அணுக்களை ஏதோ முரட்டுத்தனமா கையாளுறீங்க. குழாயைக் குலுக்குறீங்களா?"

"குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி எடுத்துட்டு வரேன், குலுக்குறேனாம்! உன் சில்லுதாம்பா அதுங்களை எழுப்புது. உள்ளே வெறும் கண்ணாடி. கண்ணாடி பட்டாலே இந்த அணுக்கள் சிலிர்த்துக்கும்."

"அணு கண்ணாடியில படுறது கண் சிமிட்டுற நேரம் அண்ணி. அதுக்குள்ள எங்க சிலிர்க்கறது?"

"அதை நீ அணுகிட்ட கேளு."

இப்படியே அந்தப் பருவம் முழுக்க ஓடியது. வாய்க்காலுக்குள் அணு ஒட்டாத பூச்சு ஒன்றைப் பூசி இரண்டாவது வடிவம் ஒன்றை அவள் கேட்டு வாங்கினாள். கையால் பூசிய மாதிரிகள் கொஞ்சம்தான் தேறின. அவற்றில் அணுக்கள் சமர்த்தாக உருண்டன. ஆனால் கொழுந்தன் அதை நம்பவில்லை. பூச்சு சமிக்ஞையை மங்கலாக்குகிறது, அதனால்தான் எல்லாம் தூங்குவதுபோலத் தெரிகிறது என்று அடம்பிடித்தான்.

இந்தக் கட்டத்தில்தான் சில்லுகளைப் பெருமளவில் செய்யப்போகும் தொழிற்சாலை ஓர் ஆளை அனுப்பிவைத்தது. தொழிற்சாலைகள் எப்படி முடிவெடுக்கின்றன, எப்படி எடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஆராய்ச்சி. மெலிந்த தேகம், மெதுவான பேச்சு. எதைச் சொன்னாலும் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து நிறுத்துப் பார்ப்பார். கட்டடம் அவருக்குத் "தராசு" என்று பெயர் வைத்தது.

எந்த வடிவம் என்று முடிவுசெய்ய அவர் ஒரு முறை வைத்திருந்தார். நான்கு விஷயங்கள்: அணுக்கள் அமைதியாக இருப்பது, சீக்கிரம் செய்துமுடிப்பது, இருக்கும் இயந்திரத்திலேயே செய்ய முடிவது, உடையாமல் உழைப்பது. இரண்டு இரண்டாக எடுத்து, இதைவிட அது எவ்வளவு முக்கியம் என்று ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொருவரும் மதிப்பெண் சொல்ல வேண்டும். மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

கூட்டம் தொடங்கியதே தாமதம். அவளுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எடுத்த ரத்தம் கீழே காத்திருந்தது. இந்த அணுக்களுக்கு உடம்புக்கு வெளியே ஆயுசு அற்பம். மதியம் தாண்டினால் சாகத் தொடங்கிவிடும், அந்த நாள் வேலை குப்பைக்குப் போகும்.

"சொல்லுங்க அண்ணி. அணுக்களோட அமைதி முக்கியமா, சீக்கிரம் முடிக்கிறது முக்கியமா?" என்றார் தராசு.

"இதென்ன கேள்வி? அணுவை எழுப்பிட்டு, அது முழிச்சிருக்கான்னு கேட்குற கருவியைச் சீக்கிரம் செஞ்சா என்ன, மெதுவா செஞ்சா என்ன?"

"புரியுது. ஒன்பதுக்கு எவ்வளவு?"

"ஒன்பது."

"சீக்கிரமா, இயந்திர வசதியா?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "சீக்கிரம். ஒன்பது."

"இயந்திர வசதியா, உழைப்பா?"

"வசதி. ஒன்பது."

"உழைப்பா, சீக்கிரமா?"

"உழைப்பு. ஒன்பது. போதுமா? என் ரத்தம் செத்துட்டிருக்கு." நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே ஓடினாள்.

முடிவு சாயங்காலம் மின்தூக்கி வாசலில் தெரிந்தது. கொழுந்தன் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

"முதல் வடிவம்தான் அண்ணி. கண்ணாடி."

"என் ஒன்பது என்னாச்சு?"

"அது… உங்க பதில்களைக் கணக்கு எடுத்துக்கல."

"எடுத்துக்கலன்னா?"

"சீக்கிரம் வசதியைவிடப் பெரிசு, வசதி உழைப்பைவிடப் பெரிசு, உழைப்பு சீக்கிரத்தைவிடப் பெரிசுன்னு சொல்லியிருக்கீங்க. சுத்திச் சுத்தி வருது. முரண்னு சிவப்புல காட்டுச்சு. திரும்பச் சொல்ல உங்களைத் தேடினோம், நீங்க போயிட்டீங்க. அதனால மத்தவங்க பதிலை மட்டும் வெச்சு…"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மூன்று பதில்களையும் எரிச்சலில் சொன்னது தன் தப்புதான். ஆனால் உயிரான ஒரே பதிலையும் அதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்களே! மின்தூக்கி வந்தது, திறந்தது, மூடியது. அவள் படியில் இறங்கிப் போனாள்.

வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் பல் மருத்துவன். தம்பியா, மனைவியா என்று வரும்போதெல்லாம் நழுவிவிடுவதில் கெட்டிக்காரன்.

"நாள் முழுக்க மத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறேன். வீட்டுலயாவது என் வாயை மூடிக்கறேனே" என்றான்.

"நல்லா மூடிக்கோங்க. குடும்பத்துக்கே அதுதான் வழக்கம்" என்று அவள் விளக்கை அணைத்தாள்.

மறுநாள் மேல்மாடிக்குப் போய்க் கொழுந்தனைக் கையோடு கீழே இழுத்து வந்தாள். அவன் சில்லையே எடுத்து, மின்கம்பியை அவன் கையாலேயே கழற்றச் சொன்னாள். மின்சாரமே இல்லை, சமிக்ஞையும் இல்லை. புதிதாக எடுத்த ரத்தத்தில் பாதியைக் குழாயிலேயே விட்டாள், பாதியைக் கண்ணாடி வாய்க்காலில் ஓடவிட்டாள். பிறகு இரண்டையும் நுண்ணோக்கியில் வைத்தாள்.

"பாரு. மங்கல் கிங்கல்னு சொல்ல இங்க மின்சாரமே இல்ல. கண்ணால பாரு."

அவன் குனிந்தான். குழாயில் இருந்தவை வரிசை கலைந்த மணிகளைப்போல உருண்டையாகக் கிடந்தன. கண்ணாடியில் ஓடியவை ஓரமெல்லாம் பிசிறி, தரையில் கொட்டிய மாவைப்போலப் பரவியிருந்தன. அவன் வெகுநேரம் நிமிரவில்லை. பூச்சு பூசிய வாய்க்காலில் ஓடியவற்றையும் அவளைக் கேட்காமலேயே எடுத்து வைத்துப் பார்த்தான். அவை உருண்டையாகவே இருந்தன.

"அண்ணி…" என்றான். "நான் இதை முன்னாடியே வந்து பார்த்திருக்கணும்."

"எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

மாதக்கணக்காகச் சொன்னதை ஒரு காலை வேளையில் காட்டி முடித்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அலுப்புதான் வந்தது.

தொழிற்சாலைக்குப் போயிருந்த தராசு இரண்டு வாரம் கழித்துத் திரும்பியதும், இருவரும் நுண்ணோக்கிப் படங்களோடு அவரிடம் போனார்கள். அவர் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். இரண்டு கைகளையும் ஏந்தினார்.

"நீங்க சொல்றது சரி. அன்னிக்கு எடுத்த முடிவும், அன்னிக்குத் தெரிஞ்சதை வெச்சுப் பார்த்தா, சரி. ஆனா தொழிற்சாலையில சில்லு வார்க்கிற அச்சைப் போட்டாச்சு."

"ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்?" அவள் குரல் வராந்தா வரை கேட்டது. "அன்னிக்குத் தெரியலன்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சுது. சொன்னேன்!"

அவர் தலை குனிந்துகொண்டார். நல்ல மனிதர்தான். அதனால் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

அச்சு போட்டுவிட்டார்கள் என்றால் இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். கொழுந்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். அணு விழிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது, அதற்குள் வாய்க்காலைக் கடந்துவிட்டால்? ரத்தத்தை வேகமாக ஓடவிட்டான். நூலகர் ஆரோக்கியமானார், கணக்கர் ஆரோக்கியமானார், காவலரும் தேறிவிட்டார். தொழிற்சாலையிலிருந்து பாராட்டு வந்தது. முதல் வடிவத்தைத் தேர்ந்தது தொலைநோக்கான முடிவு என்று இயக்குநர் பேசினார்.

அவளுக்கு மட்டும் நெஞ்சு உறுத்தியது. ஆரோக்கியமானவரை ஆரோக்கியம் என்கிறது, சரி. நோயாளியை? நல்ல ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் பொருளைத் துளி சேர்த்து, வேண்டுமென்றே எழுப்பிவிட்ட அணுக்களை அதே வேகத்தில் ஓடவிட்டாள். பாதிக்கு மேல் சில்லின் கண்ணில் படாமலே நழுவின. நன்றாக விழித்திருந்த ரத்தத்தைக் கருவி தூங்குகிறது என்றது. கொழுந்தனையும் கூப்பிட்டுக் காட்டினாள். இது முன்பைவிட மோசம். முன்பு நல்ல ஆளைப் பயமுறுத்தியது. இப்போது சாகப்போகிறவனிடம் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்று சொல்லும்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முந்தைய கடைசிக் கூட்டத்துக்குத் தொழிற்சாலையின் மேலாளர் அம்மாவே வந்திருந்தார். அவள் எழுந்து முடிவுகளைச் சொல்லத் தொடங்கினாள். திரையில் முதல் படம்கூட மாறவில்லை. இயக்குநர் கையமர்த்தினார்.

"அண்ணி, மறுபடியும் கண்ணாடியா? அது தீர்ந்த விஷயமாச்சே."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் எழுந்தான்.

"தீரல சார். வேகத்தைக் கூட்டினா கருவி நோயாளியைத் தவறவிடுது. கண்ணாடி அணுவை எழுப்புது. பூச்சு இல்லாம இந்தச் சில்லு உதவாது. இது என் வடிவம், நானே சொல்றேன்."

மேலாளர் அம்மா பேனாவை எடுத்தார். இயக்குநர் முன்னால் சாய்ந்தார். அவள் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்ன அதே வார்த்தைகள்! இப்போது எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். "முக்கியமான கண்டுபிடிப்பு" என்றார் இயக்குநர்.

"என் கண்டுபிடிப்பு இல்ல. இதை முதல்லேருந்து சொன்னது அண்ணி" என்றான் அவன்.

"சொல்லித்தானே ஆகணும்! வீட்டுல சாப்பாடு கிடைக்கணுமே" என்று யாரோ சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது.

அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? இப்போ கேளுங்க. இனிமே என் அறை சரின்னு சொல்லாம ஒரு சில்லுகூட நோயாளி பக்கத்துல போகக்கூடாது. இதுக்கு நான் ஒன்பதும் போட மாட்டேன், எட்டும் போட மாட்டேன்."

தராசுதான் வாய் திறந்தார். இந்தத் தடவை கைகளை மேசைமேலேயே வைத்திருந்தார்.

"அவங்க கேட்கிறது நியாயம். அணு அமைதியா இருக்கிறது மத்ததோட எடை போட்டுப் பார்க்கிற விஷயமே இல்ல. அது இல்லன்னா கருவியே இல்ல. அதை நிபந்தனையா வெச்சிருக்கணும். நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டுட்டேன்."

மேலாளர் அம்மா தலையசைத்தார். இரண்டாவது வடிவத்துக்குப் புதிதாக அச்சு போட வேண்டும், ஆஸ்பத்திரிச் சோதனை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். அவள் கேட்டது கிடைத்தது, எழுத்திலும் வந்தது. ஆனாலும் அறைக்குத் திரும்பும்போது ஒரு வருடம் என்ற சொல் காலில் கல்லைக் கட்டியதுபோலக் கூடவே வந்தது. முதல் நாளே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு கட்டிலருகே அந்தக் கருவி இருந்திருக்கும். அதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

அடுத்த வாரம், புது அச்சு வரும்வரை ஓட்டிப் பார்க்க, கையால் பூச்சு பூசிய சில்லுகளில் ஒரு தொகுதி வந்தது. சோதிக்கப் புது ரத்தம் வேண்டும். இத்தனை தடவை ஊசி குத்திக்கொண்ட பிறகு கட்டடத்தில் இனி யாரும் கை நீட்டத் தயாராக இல்லை. கொழுந்தன் தானாகவே இறங்கி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஊசியைப் பார்த்ததும் முகத்தை மேற்கூரைக்குத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணி."

"ம்."

"கோவம் போச்சா?"

அவள் நரம்பைத் தேடி முழங்கை மடிப்பில் விரலால் தட்டினாள்.

"போகல. கையை நேரா வை."