குனியாத சபை

பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் அண்ணிக்குத் தெரிந்தது, தான் இல்லாத நேரம் பார்த்துத் தன்னைக் கொன்றுவிட்டார்கள் என்று. கொன்றவன் கொழுந்தன்.

"அது வெறும் கேம் அண்ணி. நீங்க ஆன்லைன்ல இல்ல, கதை அப்படியே நிக்குது. அதான் முடிச்சிட்டேன்."

"எப்படி முடிச்ச?"

"உங்க வைத்தியச்சி ஆத்துல விஷம் கலந்தா. சனம் சேர்ந்து எரிச்சிடுச்சு. செம வரவேற்பு, தெரியுமா."

நாளெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் ரத்தத்தைக் குழாயில் பிடிக்கிறவள் அவள். வருஷக்கணக்காக மதியச் சாப்பாட்டு வேளையில், ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் போனுமாக வளர்த்த வைத்தியச்சி அது. அந்த மாய ராஜ்ஜியத்தில் கதையை எழுதுவது கம்பெனி அல்ல, ஆடுகிறவர்களே. ஒருவர் ஒரு வரி, அடுத்தவர் அடுத்த வரி. சட்டம் ஒன்றே ஒன்று: வாளை ஓங்கினேன் என்பதுவரை ஓங்குகிறவர் எழுதலாம். வெட்டு விழுந்ததா, ஆள் செத்தானா என்பதை வெட்டுப்படுகிறவர்தான் எழுத வேண்டும். கொழுந்தன் இரண்டையும் தானே எழுதிவிட்டான். ராஜா வேஷம் அவனுடையது, எனவே யாரும் வாய் திறக்கவில்லை.

"விடேன். பொம்மைச் சண்டைக்கெல்லாம் பஞ்சாயத்தா?" என்றார் புருஷன்.

அவள் விடவில்லை. அரண்மனைச் சமையல்காரி என்று புது வேஷம் கட்டி உள்ளே போனாள். கொழுந்தனுக்குச் சொல்லவில்லை. ராஜா அவள் சமையலைப் புகழ்ந்து தள்ளினார். அவளோ ஒவ்வொருவரையும் தனியாகப் பிடித்தாள். முதலில் தளபதியை. நிஜத்தில் அவர் பஸ் டிரைவர்.

"அண்ணே, ராஜாவுக்கு எதுக்குக் குனியுறீங்க?"

"அவரு ராஜாம்மா."

"யாரு சொன்னது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார். "நாங்கதான்."

"அந்த வைத்தியச்சி நான்தாண்ணே. ஆஸ்பத்திரியில மயக்கத்துல கெடந்தேன். எரிஞ்சேனா இல்லையான்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

"நானும் விறகு போட்டேன் தங்கச்சி. தப்புதான். என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், வைத்தியச்சியை ஒழித்ததற்கான வெற்றி தர்பார். கொழுந்தன் சோபாவில் லேப்டாப்போடு. அண்ணி சாப்பாட்டு மேஜையில் போனோடு.

அரசன் சபைக்குள் நுழைந்தான், என்று எழுதினான்.

தளபதி நகம் வெட்டிக்கொண்டிருந்தார், என்று வந்தது பதில். மந்திரி கொட்டாவி விட்டார். இருவரையும் கட்டிப்போடும்படி அரசன் உத்தரவிட, சிப்பாய்களுக்குக் காது கேட்கவில்லை. அரசன் வாளை வீசினான். ஒருவர் மேலும் படவில்லை. வாள் தரையில் கிடந்தது.

"என்ன ஆச்சு இதுங்களுக்கு?" என்று முணுமுணுத்தான்.

சமையல்காரி சபைக்கு வந்தாள். "அரசே, ஆற்றில் விஷம் கலந்தது யார்?"

அவன் மெல்லத் தலையைத் திருப்பினான். "சமையல்காரி… நீங்களா அண்ணி?"

"திரையப் பாத்துப் பேசு. சபை காத்துக்கிட்டு இருக்கு."

"அண்ணி, நான் கட்டுன ராஜ்ஜியம் இது. ஒருத்தரையாவது குனியச் சொல்லுங்க."

"சொல்றேன். விஷம் வெச்சது யாருன்னு ராஜா வாயால வரட்டும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"என்னைத் தனியாவா எரிச்ச?"

அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். விஷம் வைத்தது நானே, வைத்தியச்சி அல்ல. சபை மொத்தமும் படித்தது.

தளபதி குனிந்தார், கீழே கிடந்த வாளை எடுத்துக்கொண்டு வெளியே போக. பின்னாலேயே மந்திரியும் நடந்தார்.

கொழுந்தனுக்கு முகம் தொங்கிப்போனது. இரக்கமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தானோ என்னவோ, மிச்ச விஷத்தை அரசன் குடித்துச் சரிந்ததாக எழுதினான். "வைத்தியச்சி வருவாளா அண்ணி?"

"வராம?" அவள் விரல் ஓடியது. வைத்தியச்சி எரியவில்லை. நடந்து வந்தாள். அரசனின் நாடி பார்த்தாள். மருந்துப் பையைத் திறக்கவில்லை.

"அண்ணி, மருந்து."

"கிடையாது. செத்தியா இல்லையான்னு நீதான் எழுதணும். எழுது."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.