ஐந்து ஸ்பீக்கரா, ஏழா

சிவப்பிரகாஷுக்கு ஏழு ஸ்பீக்கர்தான் வேண்டும். பிடித்த பிடியை விடுவதாக இல்லை.

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி, கேரளப் பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில் அவர்கள் வீடு. மாடியில் மகள் படித்த அறை, அவள் கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு சும்மா கிடந்தது. அதை ஹோம் தியேட்டர் ஆக்கிவிடலாம் என்று போன சித்திரையில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். பிரதீபா மறுக்கவில்லை. அவர் எதற்காவது ஆசைப்பட்டு அவள் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பொருத்துவதற்கு வந்தவள் ஜின்சி. முப்பது வயதுக்குள் இருப்பாள். சொந்த ஊர் இடுக்கி மலையில் சக்குபள்ளம். வீட்டு ஏலத்தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ப் பெண்களோடு பேசி வளர்ந்ததால் தமிழ் தடையில்லாமல் வந்தது. இப்போது பாலக்காட்டில் கடை வைத்திருக்கிறாள். வந்ததும் அறையை டேப் வைத்து அளந்தாள். சோபா எங்கே, திரை எங்கே என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"சேட்டா, இது பன்னிரண்டடி ரூம். சோபாவைப் பின்சுவரோட ஒட்டித்தான் போட முடியும். ஏழு வைக்கணும்னா உங்களுக்குப் பின்னால நாலடியாவது இடம் வேணும். இல்லைன்னா பின்பெட்டி ரெண்டும் நேரா பிடரியில கத்தும். இங்க அஞ்சுதான் சரி. முன்னால மூணு, ரெண்டு பக்கமும் காதுக்குக் கொஞ்சம் பின்னால ஒவ்வொண்ணு. அதிர்வுக்குத் தனியா ஒரு சப்வூஃபர்."

"பின்னாலிருந்து சத்தம் வரோணும் அம்மிணி," என்றார் சிவப்பிரகாஷ். "அதுக்குத்தான இத்தனை பாடும்."

பிரதீபாவுக்குத் தெரியும் அவர் எதைச் சொல்கிறார் என்று.

தொண்ணூற்றேழில், கல்யாணமாகி மூன்றாம் மாதம். பொள்ளாச்சியில் ஒரு தியேட்டரில் புதிதாக டிஜிட்டல் சவுண்ட் போட்டிருக்கிறார்கள் என்று கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பேச்சு. அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே அடிக்க, சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். படத்தில் ஒரு லாரி வந்தது. திரையில் இல்லை, முதுகுக்குப் பின்னால் வந்தது. தியேட்டர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கதவைத் திறந்துகொண்டு நிஜ லாரியே உள்ளே வந்துவிட்டது என்று பிரதீபா அவர் கையைப் பிடித்தாள். மாமியார் வீட்டு ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற நினைப்புகூட அப்போது வரவில்லை.

இடைவேளையில் அவர் முறுக்கு வாங்கப் போகாமல் சுவரோரமாக நடந்து ஸ்பீக்கர்களை எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு. மீதிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "காசு குடுத்துட்டுக் கண்ண மூடறீங்களே," என்று அவள் கிள்ளியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவையாவது போனார்கள். செக்போஸ்ட் போலீஸ்காரரே, "இன்னைக்கு என்ன படம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி விடுவார்.

அப்படிப்பட்ட காது அவருக்கு. தோப்புக் கட்டிலில் படுத்தபடியே எந்த வயலில் மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். "ஆறுமுகசாமி அண்ணன் மோட்டார்ல பேரிங் போகுது பாரு," என்பார். அடுத்த வாரம் மோட்டார் கடைக்குப் போகும். கடைசி வரப்பில் நிற்கும்போது அவள் சமையலறையிலிருந்து சாதாரணமாகக் கூப்பிட்டாலும் "வர்றேன் புள்ள" என்று குரல் வரும்.

அந்தக் குரல் நின்றுபோய் இரண்டு வருஷம். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்கூடப் பாதிக்குப் பதில் இல்லை. கட்டிலில் காரணம் சொல்லாமல் இடம் மாற்றிப் படுத்தார். விசேஷ வீடுகளுக்கு அவளைத் தனியாக அனுப்பினார். ஒருநாள் தங்கை வீட்டுச் சமாச்சாரத்தைக் கால்மணி நேரம் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கேட்டது போதும் என்று ஆகிவிட்டது போல என்று பிரதீபா நினைத்தாள். அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

"சரி, ஒரு காரியம் செய்யலாம்," என்றாள் ஜின்சி. "ஏழையும் ஸ்டூல் மேல வச்சுக் காட்டுறேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் ஒயர் இழுத்து முடித்தாள். இருவரையும் சோபாவில் உட்காரவைத்தாள். "கண்ணை மூடிக்கோங்க. ஒரு நேரத்துல ஒரு பெட்டியில மட்டும் இரைச்சல் வரும். எங்க வருதோ அங்க விரலை நீட்டுங்க."

ஷ்ஷ் என்று மழை போல ஒரு சத்தம் முன்னால் இடப்பக்கம் எழுந்தது. பிரதீபா விரலை நீட்டினாள். பிறகு நடுவில். பிறகு வலது. வலது பக்கவாட்டில். பின்னால். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் சுற்றிக்கொண்டு இடது தோளுக்குப் பக்கத்தில் வந்தபோது, அவர் எப்படிக் காட்டுகிறார் பார்க்கலாம் என்று கண்ணைத் திறந்தாள்.

அவர் விரல் வலப்பக்கம் நீண்டிருந்தது.

சத்தம் மறுபடி முன்னால் இடது பெட்டிக்குப் போனது. விரல் அப்போதும் வலப்பக்கம்தான். நடுவுக்கு வந்தது. விரல் அசையவில்லை. கண்ணை இறுக மூடி, நெற்றியைச் சுருக்கி, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜின்சியும் பார்த்துவிட்டாள். இரைச்சலை நிறுத்தினாள். "ஒயர் ஒண்ணு சரியில்லைன்னு தோணுது. வண்டியிலேருந்து வேற எடுத்துட்டு வர்றேன், சேச்சி," என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

சிவப்பிரகாஷ் கண்ணைத் திறந்தார். பிரதீபாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளாங்க?" என்றாள்.

"ரெண்டு வருசமாச்சு." இடது காதைத் தொட்டார். "ஒரு நாள் காலைல எந்திரிச்சேன், இந்தப் பக்கம் அப்படியே அடைச்சுப் போச்சு. நீ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்ன. சளிதான்னு நாந்தான் கேக்கல. சரியாப் போச்சுன்னு உங்கிட்டச் சொல்லீட்டு, பதினஞ்சு நாள் கழிச்சு உனக்குத் தெரியாமக் கோயமுத்தூர் போனேன். மொத ரெண்டு மூணு நாள்லயே வந்திருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாமுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

"எப்படிச் சொல்றது? எந்த ஊட்டு மோட்டார் ஓடுதுன்னு சொல்லீட்டிருந்தவன், எந்தப் பக்கம் பைக் வருதுன்னு தெரியாம ரோட்டுல நிக்கறேன். பெட்டி நெறைய வச்சா ஒருவேளை பின்னால வர்றது தெரியுமோன்னு ஒரு நப்பாசை."

பிரதீபாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எழுந்து ஜன்னலோரம் போனாள். திரும்பி வந்து, இந்த முறை அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தாள்.

"எம் பேச்சு உங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. ரெண்டு வருசமா. அதனாலதான் பேசறதயே கொறச்சுட்டேன்."

அவர் அவளை விழித்துப் பார்த்தார்.

"நீயாவே கொறச்சியா?"

"ஆமாங்க."

"அட, நான் இந்தக் காதும் போயிட்டிருக்குதுன்னு பயந்துட்டேன் புள்ள!"

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே அழுகை வந்தது. அவர் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜின்சி மாடிப்படியில் வேண்டுமென்றே சத்தமாகக் காலடி வைத்து ஏறி வந்தாள். அவள் கையில் ஒயர் எதுவும் இல்லை. சிவப்பிரகாஷ் தொண்டையைச் செருமினார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே ஒரு பெட்டி வச்சுட்டுப் போ அம்மிணி. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாதுங்க," என்றாள் பிரதீபா. "அஞ்சு வைக்கட்டும். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான இருக்குது. லாரி பின்னால வந்தா நாஞ் சொல்றேன்."

ஜின்சி பழைய கோட்டை அழித்துவிட்டுச் சாக்பீஸால் புதிதாகப் போட்டாள். சோபாவின் நடு இடம் பிரதீபாவுக்கு. அளவெல்லாம் அவள் தலையிலிருந்து. சிவப்பிரகாஷுக்கு அவளுக்கு இடப்பக்கம். நல்ல காது அறையைப் பார்த்து இருக்கும், அவள் சொல்வதும் கேட்கும். பேச்சு வரும் நடு ஸ்பீக்கரைக் காது உயரத்துக்கு ஏற்றி, அதன் அளவை மட்டும் கொஞ்சம் கூட்டினாள். "வசனம் ஒண்ணும் விட்டுப்போகாது, சேட்டா," என்றாள். அவரோ பாக்கி இரண்டு பெட்டிகளை ஜின்சி வண்டியில் ஏற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அது பிரதீபாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

மறுவாரம் இருவரும் கோயமுத்தூர் போனார்கள். போன காது திரும்பாது என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். இடப்பக்கச் சத்தத்தை வலது காதுக்குக் கொண்டுவரும் கருவி ஒன்று கொடுத்தார். ரோட்டில் போகும்போது மாட்டிக்கொள்கிறார். வீட்டில் கழற்றிவிடுகிறார், அரிக்கிறதாம்.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு, பிரதீபாவின் அண்ணன் பூபதிராஜா குடும்பத்தோடு படம் பார்க்க வந்தார். மாடிக்கு வந்ததும் சோபாவின் நடுவில் போய் உட்காரப் பார்த்தார். பிரதீபா வாயைத் திறப்பதற்குள் சிவப்பிரகாஷே சொன்னார்:

"மச்சான், அது அவளோட எடம். எனக்கு எடது காது கேக்கறதில்ல. அவ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குச் சரிப்படும். நீங்க அந்த ஓரத்துல உக்காருங்க."

டாக்டரையும் அவளையும் தவிர இன்னொருவரிடம் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பூபதிராஜா தங்கையைப் பார்த்தார். "உக்காருங்கண்ணா," என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.